பின்னாலிருந்து பிடித்த கை

போன ஞாயிற்றுக்கிழமை தாமுவேயில் நம் ஆசிரியர்கள் கூடியபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி எழுந்து கைகட்டி நின்று என்னைக் கேட்டது. "சயாமா, புள்ளைங்கள அடிக்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது, மின்விசிறி நின்றது, எல்லோரும் விசிறிக்கொள்ளக் காகிதம் தேடினார்கள், நானும் தப்பித்தேன். இந்த ஊரில் மின்வெட்டால் ஒரு நல்லது நடந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

ஆனால் கேள்வி என் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களே, சயாக்களே, சயாமாக்களே.

ஒரே வார்த்தையில் என்றால், கூடாது. அதைச் சொல்ல நான் தேவையில்லை, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற சுற்றறிக்கையே போதும். அந்தத் தங்கச்சி கேட்க நினைத்தது வேறு என்று எனக்குத் தோன்றியது. அடிக்கக் கூடாது சரி, தொடவும் கூடாதா? ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைக்கப் போகும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? எந்த அளவு வரை என் பலத்தைக் காட்டலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

நம் தொழிலில் எனக்கு இருந்த பெரிய பயம் என்ன தெரியுமா? நம்மை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான். இந்தப் பர்மிய ஊரில் சயாவையும் சயாமாவையும் பெற்றோருக்குச் சமமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். பர்மியர் வீட்டுப் பிள்ளையானாலும் நம் வீட்டுப் பிள்ளையானாலும் நமக்கு எதிரே வந்தால் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டுதான் பேசும். பள்ளியில் சேர்க்க வருகிற அப்பா, பிள்ளையை நம் பக்கம் தள்ளிவிட்டு, "கண்ண மட்டும் விட்டுடுங்க சயாமா, மத்தது உங்க பாடு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாமும் சிரிப்போம். பிள்ளை மட்டும் சிரிக்காது, கவனித்திருக்கிறீர்களா?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒரு தலைமையாசிரியை இருந்தார். பர்மிய அம்மா. கோபம் வந்தால் அந்த அம்மா செய்வது ஒன்றே ஒன்று, பிள்ளைகள் கட்டுவது போலத் தன் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வார். தலைமையாசிரியை மாணவி மாதிரி நிற்பதைப் பார்த்து நான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஒரு நாள் அவரே சொன்னார், கட்டிய கையை அவிழ்க்க ஒரு கணம் ஆகும், அந்த ஒரு கணம் எனக்குப் போதும் என்று. அதற்குப் பிறகு நானும் கட்ட ஆரம்பித்தேன். அந்தக் கை கட்டுதலைப் பற்றி மட்டும் எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு அது பாதிப் பதில்கூட இல்லை. மீதிக்கு நான் முருகேசுவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, க்யிம்யிண்டைங்கில் ஆற்றுப் படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய தனியார் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்தேன். கீழே வகுப்புகள், மேலே வகுப்புகள், நடுவில் ஒரு குறுகிய மாடிப்படி, முன்னால் இரும்புக் கதவு. பள்ளி என்று பெயர், பழைய கிடங்கு என்று சொன்னாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்க சயா வின் தான் என்று ஒரு இளைஞர் இருந்தார். பெயரைப் பார்த்துப் பர்மியர் என்று நினைக்காதீர்கள், நம் பையன்தான். நம்மில் பாதிப் பேருக்கு அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் அட்டைப் பெயர்தான் ஏறும். அதைத்தான் கூப்பிடுவோம், வீட்டுப் பெயரை யாரும் கேட்பதில்லை.

ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்திருந்த நேரம் அது. வாலிபப் பையன்கள் இருந்த வீடுகளில் பொழுது சாய்வதற்கு முன்பே கதவைச் சாத்தினார்கள். சயா வின் தானுக்கு அந்த வயது. பெரிய தெருவை விட்டுச் சந்து சந்தாக நடந்து வருவார், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். தினமும் காலையில் மாடி ஜன்னலில் நின்று அவர் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தலை தெரிந்த பிறகுதான் என் தேநீர் தொண்டையில் இறங்கும். எனக்குப் பிள்ளை கிடையாது. இருந்திருந்தால் அந்த வயதில்தான் இருந்திருக்கும்.

முருகேசுவின் பதிவேட்டுப் பெயர் தெட் நாயிங். ஆறாவது படித்தான். மெலிந்த பையன், அதிகம் பேச மாட்டான், கணக்கில் கெட்டி. அப்பா சந்தை முனையில் தள்ளுவண்டி போட்டு தோசை சுடுகிறவர். பர்மியர்கள் அதை டோஷே என்று சொல்லி, வரிசையில் நின்று வாங்குவார்கள். அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதும், சில மாதமாக வீட்டில் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு வாலிபன் வீட்டில் இல்லையென்றால் யாரும் எங்கே என்று கேட்பதில்லை, அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டிருந்தது.

அன்று பள்ளி விடும் நேரம். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் இரைச்சலில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. நான் மாடிப்படியின் பாதியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே கதவருகே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முருகேசுவின் வகுப்புப் பையன் ஒருவன் அவனிடம் ஏதோ சொன்னான். அண்ணனைப் பற்றித்தான் சொன்னான் என்று பின்னால் தெரிந்தது. "உங்கண்ணன் திரும்பி வரமாட்டான்" என்றானாம்.  முருகேசு இரும்புக் கதவுக்குக் குறுக்கே போடுகிற தடியை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

நான் கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. சயா வின் தான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். "தெட் நாயிங்!" என்று உரக்கக் கூப்பிட்டபடி பாய்ந்து, பின்னாலிருந்து அவன் மேற்கையை இறுக்கிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். தடி நழுவித் தரையில் விழுந்தது. எதிரே இருந்த பையனின் மண்டை தப்பியது. அந்தத் தடியை நான் பிறகு தூக்கிப் பார்த்திருக்கிறேன். அது அவன் மண்டையில் விழுந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதுவரை நடந்தது எல்லாம் சரி. இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் பிடித்திராவிட்டால்தான் தப்பு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தடி கீழே கிடக்கிறது. ஆபத்து முடிந்துவிட்டது. ஆனால் சயா பிடியை விடவில்லை. ஒரு அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்று அவனை இழுத்தார். பையன் பேய் பிடித்தது போலத் திமிறினான். அவன் அப்படித் திமிறி நாங்கள் பார்த்ததே இல்லை. கத்தவில்லை, அழவில்லை, வாயைத் திறந்து சயாவின் மணிக்கட்டைக் கடித்தான். சயா இன்னொரு கையால் ஓங்கி அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பிடி தளர்ந்தது. கதவுக்குத் தடி இல்லையே, அது தரையில் அல்லவா கிடக்கிறது. முருகேசு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். நான் படியிறங்கி வருவதற்குள் தெருவில் அவனைக் காணவில்லை.

முதலில் நான் பெரிதாகப் பயப்படவில்லை. ஓடுகிற பிள்ளை வீட்டுக்குத்தான் ஓடும். ஆயாவை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். வரவில்லை என்று பதில் வந்தது. அப்பா மாவு அரைக்கப் போயிருக்கிறார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். அம்மா சந்தைக்குள் அழுதுகொண்டு தேடுகிறாள். அப்போதுதான் மணியைப் பார்த்தேன். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பள்ளிச் சீருடையோடு, முகத்தில் விரல் பதிந்த ஒரு பையன், ஆற்றங்கரையில் தனியாக அலைந்துகொண்டிருப்பான்.

ஆசிரியைகள் நாலு பேரையும் படகுத்துறைக்கும் சந்தைக்கும் அனுப்பினேன். சயா வின் தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கதவில் நின்று அவர் கையைப் பிடித்தேன். கடிபட்ட கை அது, தெரிந்தேதான் பிடித்தேன். படகுத்துறைச் சாலையில் அந்த நேரத்துக்கு அட்டையைக் கேட்டு நிறுத்துவார்கள் என்பது அவருக்கும் தெரியும். "விடுங்க சயாமா, என்னாலதானே போனான்" என்றார். நான் விடவில்லை. என்னைவிடப் பலசாலி, உதறினால் நான் விழுந்திருப்பேன். உதறவில்லை, அப்படியே கதவுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளியின் உரிமையாளர் அம்மா போனில் வந்தார். காணாமல் போன பிள்ளையைப் பற்றி உடனே வார்டு ஆபீஸில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குப் பள்ளியை இழுத்து மூடிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் வார்டு ஆபீஸில் சொன்னால் என்ன கேட்பார்கள்? ஏன் ஓடினான் என்று கேட்பார்கள். அடித்தது யார், அவர் வயது என்ன, எந்த வீட்டில் இருக்கிறார் என்று எழுதிக்கொள்வார்கள். சயா வின் தான் அதுவரை எந்த மேசைக்கும் போகாமல், எந்தக் கண்ணிலும் படாமல் இருந்த பையன். ஒரு பிள்ளையைத் தேடுவதற்காக இன்னொரு பிள்ளையை நானே கொண்டுபோய் நிறுத்துவதா? நிறுத்தாமல் இருந்து, ஆற்றில் ஏதாவது ஆகிவிட்டால்?

அவன் அப்பா வரும்வரை பொறுங்கள் என்று உரிமையாளர் அம்மாவிடம் சொன்னேன். அப்பா வந்து சொல் என்றால் நானே நடந்து போய்ச் சொல்கிறேன் என்றேன். நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு நிமிடமும் ஆற்றுப் பக்கமிருந்து யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளுக்கும் வேண்டிக்கொண்டேன், தெரியாத ஒன்றிரண்டுக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஆசிரியைகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படகுத்துறையில் கூப்பிட்டுப் பார்த்தோம், இல்லை. சந்தைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துகிற கொட்டகையில் கூப்பிட்டுப் பார்த்தோம், இல்லை. "தெட் நாயிங், தெட் நாயிங்" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது என்றார்கள்.

அப்பா வந்து சேர்ந்தபோது தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். மாவுச் சட்டியை இறக்கக்கூட இல்லை, தோளிலேயே இருந்தது. நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தடி, பிடித்தது, இழுத்தது, அறைந்தது, எல்லாம். அவர் சட்டியை ஒரு கையால் பிடித்தபடியே கேட்டார். பிறகு இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். எந்தப் பக்கமிருந்து பிடித்தார் என்று கேட்டார். பின்னாலிருந்து என்றேன். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்றார். சொன்னேன். மாவுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாங்க சயாமா என்று நடந்தார்.

நேரே அந்தக் கொட்டகைக்குத்தான் போனார். எங்கள் ஆசிரியைகள் தேடிவிட்டு இல்லை என்று சொன்ன அதே கொட்டகை. அவருடைய வண்டி மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் போகாமல், நாலு அடி தள்ளி நின்று, தாழ்ந்த குரலில், "முருகேசு, அப்பா வந்திருக்கேன்டா" என்றார். தார்ப்பாய் அசைந்தது. கரி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து முகமெல்லாம் கரியாகப் பையன் வெளியே வந்தான். எங்கள் ஆசிரியைகள் கூப்பிட்டது அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்கக் கேட்க இன்னும் உள்ளே போய் ஒடுங்கியிருக்கிறான்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவும் செய்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

திரும்பி நடக்கும்போதுதான் அவர் பேசினார். நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாலும் தகும் என்ற நிலையில் இருந்தேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"அடிச்சத நான் கேக்கல சயாமா. அதுக்குத்தானே உங்ககிட்ட விட்டிருக்கோம். பெரியவன் போனப்ப இவன் கூட நின்னான். ரெண்டு பேரும் கரி வாங்கப் போனாங்க. அட்டையக் கேட்டாங்க, குடுத்தான். அட்டையில இருந்த பேரப் படிச்சுக் கூப்பிட்டாங்க. ஆமான்னு இவன் அண்ணன் சொல்லும்போதே ஒருத்தன் பின்னால வந்து கையைப் புடிச்சுட்டான். அவ்வளவுதான், வண்டியில ஏத்திட்டாங்க. வகுப்புல அட்டைப் பேரச் சொன்னா எந்திரிச்சு நிப்பான். ஆனா பின்னால ஒரு ஆம்பிளக் கை புடிச்சுக்கிட்டு அட்டைப் பேரச் சொன்னா, அவன் என்னா செய்வான், நீங்களே சொல்லுங்க."

 எது தப்பு என்று நான் அவ்வளவு நேரம் மனதில் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேனோ, அந்த அறையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எது சரி என்று எழுதி வைத்திருந்தேனோ, அந்தப் பிடிதான் பிள்ளையைக் கரி மூட்டைக்குள் தள்ளியிருக்கிறது. ஆனாலும் நான் அவரிடம் ஒன்று சொன்னேன். அடித்ததற்கும் நீங்கள் கேட்க வேண்டும், நீங்கள் கேட்காமல் விடுவதால்தான் நாங்கள் அடிக்கிறோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வார்டு ஆபீஸ் பேச்சை நான் எடுத்ததும், "பிள்ளை கிடைச்சிடுச்சே, அங்க எதுக்கு" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, அந்த சயாவும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, இருட்டுக்குள் போக வேண்டாம், இன்றைக்கு எங்காவது தங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

சயா வின் தான் அன்று பள்ளியிலேயே தங்கினார். மறுநாள் காலையில் என் முன்னால் வந்து, இனி எந்தப் பிள்ளையையும் விரலால்கூடத் தொடமாட்டேன் என்றார். சத்தியம் செய்கிற முகம். எனக்குக் கோபம்தான் வந்தது. தடி ஓங்கப்பட்ட அந்த இன்னொரு பையனைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினேன். அவன் கன்னம் உப்ப எதையோ மென்றுகொண்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தான். முந்தின நாள் தனக்கு என்ன நடக்க இருந்தது என்பதையே அவன் மறந்திருந்தான். அவனை அனுப்பிவிட்டு, "நீங்க தொடாம இருந்திருந்தா இன்னிக்கு இவன் வீட்டுக்கு நாம எல்லாரும் போயிருப்போம்" என்றேன்.

"அப்ப நான் என்னதான் செய்யணும் சயாமா?" என்று கேட்டார். 

நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிள்ளைக்கோ பக்கத்துப் பிள்ளைக்கோ ஆபத்து என்றால் பிடியுங்கள், யோசிக்காதீர்கள். ஆபத்து கீழே விழுந்த கணத்தில் விடுங்கள். அதற்கு மேல் உங்கள் கையில் மிச்சமிருக்கிற பலம் பிள்ளைக்கானது அல்ல, உங்கள் பயத்துக்கானது. அந்த அறை அப்படி வந்ததுதான், கோபத்தில் வந்ததல்ல, அந்தத் தடியைப் பார்த்த நடுக்கத்தில் வந்தது. அதனால் அது நல்ல அறை ஆகிவிடாது. முடிந்தவரை முன்பக்கமாகப் போங்கள், முகத்தைக் காட்டுங்கள். முடியாவிட்டால், பிடித்திருப்பது யார் என்று பிள்ளைக்குக் குரலிலாவது தெரிய வேண்டும். அன்றைக்கே அந்த வீட்டுக்கு நீங்களே போய் நடந்ததைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நானும் அவரும் சந்துகள் வழியாக முருகேசு வீட்டுக்குப் போனோம். பையனைப் பிடித்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அடித்ததற்குக் கேளுங்கள் என்று வழியிலேயே சொல்லியிருந்தேன். இந்த ஊரில் பிள்ளைதான் சயாவின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும். சயா ஒரு பிள்ளையிடம் கேட்பதை முருகேசுவின் அம்மா அதுவரை பார்த்ததில்லை. பதறிப்போய், ஐயோ வேண்டாம் என்று நடுவில் வந்தாள். நான் அவளை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர்கள் இருவரும் வாசலில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் தேநீரோடு வெளியே வந்தபோது பையன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான், சயா அவனுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

முருகேசு மறு வாரம் பள்ளிக்கு வந்தான். நாங்கள் எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்து, பிள்ளைகளின் வீட்டுப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. பதிவேட்டில் பெரிய வீரன் பெயர் வைத்திருந்த தடியன் ஒருவன் வீட்டில் 'பாப்பா'வாம். அவன் காலில் விழாத குறையாக, அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சினான். சயா வின் தான் வகுப்புக்குள் நுழையும்போது முன் வாசல் வழியாகவே நுழைய ஆரம்பித்தார், பின் வாசல் பக்கத்தில் இருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஜன்னலில் நின்றேன். அவர் தலை தெரியவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்தார்கள், தெரியவில்லை. போன் அணைந்திருந்தது. எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். பஸ்ஸில் வைத்துப் பிடித்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அவர் தங்கியிருந்த அறை காலியாக இருந்தது. அம்மா ஊரில் இருப்பதாக ஒரு தடவை சொல்லியிருக்கிறார், எந்த ஊர் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை எனக்கு எது உண்மை என்று தெரியாது. எல்லை தாண்டிவிட்டார் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் தூங்க முடியாது.

கொஞ்ச நாள் கழித்து முருகேசு என் அறை வாசலில் வந்து கைகட்டி நின்றான். வெள்ளிக்கிழமைகளில் அவன் அம்மா அண்ணன் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வாள். அன்று அவளுக்குக் காய்ச்சல், அவனைப் போகச் சொல்லியிருக்கிறாள். தனியாகத் தெருவில் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டான். தலைமையாசிரியையிடம் ஒரு பையன் அப்படிக் கேட்பது சின்ன விஷயமல்ல. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவில் அவன் எனக்கு முன்னால் நடக்காமல் பக்கத்திலேயே நடந்தான், நானும் அவன் பின்னால் போய்விடாமல் பார்த்துக்கொண்டேன்.

சன்னதியில் கூட்டமில்லை. குருக்கள் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்றார். "வேலாயுதம்" என்று அண்ணன் பெயரைச் சொன்னான், நட்சத்திரமும் சொன்னான். அதோடு முடிந்தது என்று நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். "இன்னொரு பேரும் இருக்கு சாமி. எங்க கணக்கு சயா" என்றான்.

குருக்கள் பெயரைக் கேட்டார். நான் கண்ணைத் திறந்து, வின் தான் என்று சொல்லப் போனேன். முருகேசு என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான்.

"அது அட்டைப் பேரு சயாமா. அன்னிக்கு வாசல்ல என்னோட வீட்டுப் பேரக் கேட்டாரு. நானும் அவரோடத கேட்டேன்."

பிறகு குருக்கள் பக்கம் திரும்பி, "கதிரேசன். நட்சத்திரம் தெரியாது" என்றான்.

அத்தனை நாள் என்னோடு வேலை பார்த்த பையனின் பெயரை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார்.